துளைக்கு முன்

முற்றத்தில் இரண்டு பழைய டயர்களின் மேல் கயாக் கிடக்கிறது. மேலே ஏறி உட்காரும் வகை. நீளம் மூன்று மீட்டருக்குச் சற்று அதிகம். ஆலையிலேயே விட்ட துவாரங்கள் தவிர, அதில் வேறு துளை இல்லை.

டிரில் திண்ணையில் இருக்கிறது. பிட் மாட்டியாகிவிட்டது.

கை அதன் பக்கம் போகவில்லை.

*

வெயில் ஏறுகிறது. பிளாஸ்டிக் விரியும் சத்தம். ஒரு சொடுக்கு.

பிறகு ஒன்றும் இல்லை.

*

விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் எதன் மேலும் மெல்லிய வெள்ளைப் படலம் உண்டு. இலையின் மேல். சைக்கிள் சீட்டின் மேல். டீக்கடைக் கண்ணாடியின் மேல். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது வெளிவரும் களிமண் இங்கே வந்து சேர்கிறது. இன்சுலேட்டராகவும் ஃப்யூஸ் கட்டையாகவும் ஜாடியாகவும் கொலுப் பொம்மையாகவும் திரும்பிப் போகிறது. போகாதது காற்றில் நிற்கிறது.

கயாக்கின் மேலும் அந்தப் படலம்.

அதில் விரலால் ஒரு வட்டம். ராடு ஹோல்டர் இங்கே.

கொஞ்சம் தள்ளி இன்னொரு வட்டம். இங்கே.

*

வைக்க வேண்டியது அதிகம் இல்லை. தூண்டில் ராடுக்கு இரண்டு ஹோல்டர். துடுப்பைக் கவ்வ ஒரு கிளிப். நங்கூரக் கயிற்றுக்கு இரண்டு கப்பி, ஒரு கட்டுமுளை. மீனுக்கு ஒரு பெட்டி.

இடம் நிறைய இருக்கிறது. கடினமே அதுதான்.

*

இருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடுகையில் மூச்சு தெரிகிறது. தொடையின் கீழே பிளாஸ்டிக்கின் சூடு தெரிகிறது. தொலைவில் சரக்கு ரயில் ஒன்று ஜங்ஷனுக்குள் வேகம் குறைக்கிறது.

வலது கை தானாக நீள்கிறது. முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால், சற்று வெளியே விழுகிறது. அங்கே சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி.

மறுபடியும் கண் மூடுகிறது. கை வேறிடத்தில் விழுகிறது. நான்கு விரல் தள்ளி.

இரண்டு குறிகளும் இருக்கட்டும்.

*

ராடை முதுகுக்குப் பின்னால் வைக்கலாம். பல கயாக்குகள் இருக்கைக்குப் பின்னால் ராடுக்கென்றே இரண்டு குழிகளோடு வருகின்றன. இதில் இல்லை. போகும்போதும் வரும்போதும் அது நல்ல இடம். துடுப்புக்குத் தடையில்லை.

மீன் கடிக்கும்போது திரும்ப வேண்டியிருக்கும். இடுப்பு திரும்பும். எடை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாறும். படகு அதை உடனே அறிந்துகொள்ளும்.

முன்னால் வைத்தால் ராடின் நுனி கண்ணிலேயே இருக்கும். அது நடுங்குவது தெரியும். ஆனால் துடுப்பு வீசும் வட்டமும் அங்கேதான் இருக்கிறது.

கண்ணுக்கு எட்ட வேண்டும். கைக்கு எட்ட வேண்டும். துடுப்புக்கு எட்டக் கூடாது.

மூன்றும் சேருகிற இடம் உள்ளங்கை அகலம்கூட இல்லை.

*

செராமிக் பட்டறையில் துளை முதலில் வருகிறது. மண் பாதி காய்ந்து, விரல் பதியாமல் ஆனால் கத்தி இறங்குகிற பதத்தில் இருக்கும்போது துளைத்துவிட வேண்டும். பிறகு காய்கிறது. பிறகு சூளை. 1,250 டிகிரிக்கு மேல் வேகும்போது மண் சுருங்குகிறது. காய்வதிலும் வேகுவதிலும் சேர்த்துப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. துளையும் அதோடு சேர்ந்து சுருங்குகிறது. அதனால் போடும்போதே பெரிதாகப் போடுகிறார்கள். இன்னும் வராத போல்ட்டுக்கு, இப்போது இல்லாத அளவில்.

துளை தவறினால் அந்த மண்ணைத் தண்ணீரில் போட்டுவிடலாம். கரைந்து மறுபடி களியாகும். வெந்தபின் எதுவும் செய்ய முடியாது.

கயாக்கில் எல்லாம் தலைகீழ். வெந்து, உருண்டு, ஆறி முழுமையாக வந்திருக்கிறது. துளை கடைசியில்.

*

துளையை அடைக்கலாம். பிளாஸ்டிக் குச்சியை உருக்கி ஊற்றலாம். அடைத்த இடம் அடைத்த இடமாகத் தெரியும். பாலிஎத்திலீனில் பசை சரியாக ஒட்டுவதில்லை.

இந்த எண்ணமும் வந்துபோகிறது.

*

கயாக் பிறந்த வடதுருவக் கரைகளில் ஆணி இல்லை. மரச்சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோல். குறுக்கே இழுத்துக் கட்டிய தோல் வார்கள். அன்றைய இனுயிட் வேட்டைக்காரர் எல்லாவற்றையும் அந்த வார்களுக்கு அடியில் செருகுகிறார்.

எறியீட்டி வலது கைப் பக்கம். கயிற்றுச் சுருள் நேர் முன்னால், சின்னத் தட்டு ஒன்றின் மேல். ஊதிய தோல் மிதவை முதுகுக்குப் பின்னால்.

கை எறிகிறது. முன்னாலிருந்து கயிறு அவிழ்ந்து ஓடுகிறது. அது தீருவதற்குள் பின்னாலிருந்து மிதவை தண்ணீருக்குப் போகிறது. ஒன்றன் பின் ஒன்றாக நடப்பது எதுவோ, அந்த வரிசையிலேயே பொருள்கள் இருக்கின்றன.

சாக்பீஸ் குறிகளைப் பார்க்கையில் அவற்றில் வரிசை இல்லை. இடம் மட்டுமே இருக்கிறது.

*

நிழல் டயரைத் தாண்டிவிட்டது. ஒரு அணில் கயாக்கின் அணியத்தில் ஏறி நின்று இறங்குகிறது. படலத்தில் சின்னக் கால்தடங்கள்.

*

பிச்சாவரம் கழியில் இருளர்கள் படகில்லாமல் இறங்குகிறார்கள். கழுத்தளவு, மார்பளவு தண்ணீர். இரண்டு கைகளும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே போகின்றன. இறால் விரலுக்கு அகப்படுகிறது. பிடித்ததைப் போட ஓலையால் முடைந்த பறி. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லில் கவ்விக்கொள்கிறார்கள்.

வாய்தான் ஹோல்டர்.

தலை கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது. மூச்சு மூக்கால். பறி தண்ணீரில் பாதி மிதக்கிறது, அதனால் பாரம் குறைகிறது. ஒரு இறால். தலை தாழாமல் கை மட்டும் மேலே வருகிறது. பறிக்குள் போகிறது. மறுபடி சேற்றுக்கு.

உடம்புக்கு எவ்வளவு கிட்டத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு கிட்டத்தில். அதற்கு மேல் கிட்டத்தில் வைக்க இடமில்லை.

*

கடலூர்க் கரையில் கட்டுமரங்கள் இன்னும் சில கிடக்கின்றன. மரங்களைக் கயிற்றால் பிணைத்தது. ஆணி இல்லை. கரைக்கு வந்தபின் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயப் போடலாம்.

அதன் மேல் நிரந்தரமாக எதுவும் இல்லை. வலை நடுவில். அலை அதன் மேல் ஏறி இறங்கிப் போகிறது. வேண்டியதைக் கட்டுகிறார்கள். முடிந்ததும் அவிழ்க்கிறார்கள். முடிச்சுக்குத் தெரிந்தது போல்ட்டுக்குத் தெரியாது என்றே மனதுக்குப் படுகிறது.

டிரில் பிட்டைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்தாகிறது. இப்போதைக்கு.

*

இன்சுலேஷன் டேப் ஒரு சுருள். நைலான் கயிறு. ரப்பர் பட்டைகள்.

ஹோல்டரைக் குறியின் மேல் வைத்து டேப் சுற்றுகிறேன். டேப் கிழியும் சத்தம் முற்றம் முழுக்க. நெடி. விரலில் பிசுபிசுப்பு.

*

மணிமுத்தாற்றில் இப்போது மணல்தான். பாலத்தின் கீழே ஆடுகள். மாசிமகத்துக்கு இங்கே கூட்டம் நிறையும். பருவமழையில் சில நாள் தண்ணீர் ஓடும். பிறகு மணல் திரும்பி வரும்.

இந்த ஆறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்கிறது. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டி, புவனகிரியைத் தாண்டி, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. கயாக்கும் ஏறக்குறைய அதே வழியில் போகிறது. சின்ன லோடு வண்டியில், வைக்கோல் திரணை மேல், கயிறு போட்டு.

ஆற்றில் தண்ணீர் இல்லாத நாளிலும் ஆற்றின் திசை இருக்கிறது.

*

வழியில் வயல். இரண்டு பக்கமும் அறுத்த தாள். காற்று திறந்த வண்டிக்குள் வந்து டேப்பின் நுனியைப் படபடக்க வைக்கிறது.

*

பரங்கிப்பேட்டை. வெள்ளாறு இங்கே அகலம். கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம். எதிர்க்கரையில் தென்னை வரிசை மங்கலாகத் தெரிகிறது. ஓதம் பெரிதில்லை. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனாலும் கயிற்றில் நிற்கும் படகுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன.

கால் சேற்றில் இறங்குகிறது. குளிர்ச்சி கணுக்காலோடு நிற்கிறது.

*

உட்கார்ந்ததும் படகு ஒரு முறை இடதாகச் சாய்கிறது. திரும்பி நிற்கிறது.

முற்றத்தில் டயர்கள் மேல் உட்கார்ந்தபோது இந்தச் சாய்வு இல்லை. அங்கே கை விழுந்த இடம் வேறு. இங்கே விழுகிற இடம் வேறு. தண்ணீரில் கை அவ்வளவு தூரம் போகத் தயங்குகிறது. உடம்பு தன் எல்லையைத் தானே சுருக்கிக்கொள்கிறது.

குறியிலிருந்து ஒரு கையகலம் உள்ளே.

*

துடுப்பு. வலது. இடது. வலது.

டொக்.

ஹோல்டரின் வாயில் துடுப்பின் தண்டு இடிக்கிறது.

மெதுவாகப் போட்டால் இடிப்பதில்லை. காற்றுக்கு எதிரே வேகம் எடுக்கும்போது கைகள் தாழ்கின்றன, வட்டம் அகலமாகிறது. அப்போது இடிக்கிறது. இன்று கொண்டல் காற்று லேசாகத்தான் அடிக்கிறது. பலமாக அடிக்கிற நாளில் திரும்பி வர வேண்டியிருக்கும் நேரத்தை நினைத்துத்தான் ஹோல்டருக்கு இடம் பார்க்க வேண்டும்.

டேப்பைக் கழற்றி முன்னால் தள்ளிச் சுற்றுகிறேன். ஈரத்தில் டேப் ஒட்ட மறுக்கிறது. கயிறு ஒத்துழைக்கிறது.

*

துடுப்பு உயரும்போது அலகிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஒவ்வொரு வீச்சுக்கும் ஏறக்குறைய அதே இடத்தில். தொடைக்கு முன்னால் ஒரு ஈரக்கோடு உண்டாகிவிட்டது. ஒரு சாக்பீஸ் குறி அந்தக் கோட்டில் இருந்தது. அழிந்துவிட்டது.

அங்கே ரீல் இருந்தால் நாள் முழுக்க உப்புத்தண்ணீர் அதன் மேல் சொட்டும். பல்சக்கரத்துக்குள் போகும்.

துடுப்பே அந்த இடத்தை நிராகரித்துவிடுகிறது. யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை.

*

நீரின் மேல் நிற்றல். துடுப்பு மடியில்.

ஒரு மடவை துள்ளுகிறது. விழுந்த இடத்தில் வளையம். வளையம் கயாக்கைத் தொடும்போது எந்த அசைவும் தெரிவதில்லை.

*

சுரபுன்னைகளின் ஓரம். வேர்கள் தண்ணீருக்குள் ஊன்றி நிற்கின்றன. வற்றத்தில் வேரின் இடுக்குகளிலிருந்து சின்ன மீன்கள் வெளியே வரும். கொடுவா வாய்க்கால் முனையில் அதற்காகக் காத்திருக்கும்.

ராடு நெட்டுக்குத்தாக நிற்கிறது. கிளை தாழ்வாக வருகிறது. நுனி இலைகளுக்குள் நுழைந்து வளைகிறது.

இந்தக் காடுகளில் தில்லையும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம். ஒடித்தால் பால் வரும். கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கக் கூடிய பால்.

ராடு நெட்டுக்குத்தாக வேண்டாம். சாய்த்து, நுனி முன்னோக்கி, தண்ணீருக்கு மேல் தாழ. தேவைப்பட்டால் படுக்க வைக்கும்படி. ஹோல்டர் எங்கே என்பதோடு எந்தச் சாய்வில் என்பதும் வந்து சேர்கிறது.

*

பிச்சாவரம் காப்புக்காடு. 2022 முதல் ராம்சார் பட்டியலில் இருக்கிறது. காடு அழிந்துபோன திட்டுகளில் மீன்முள் மாதிரி கிளை பிரியும் வாய்க்கால்களை வெட்டி, ஓதநீரை உள்ளே விட்டு, மறுபடி மரம் வளர்த்திருக்கிறார்கள். நடுவில் ஒரு வாய்க்கால், இரண்டு பக்கமும் சரிவாகச் சின்னவை. தண்ணீருக்கு வழி விட்டதும் கன்றுகள் பிழைத்தன.

அந்த எல்லைக்குள் அனுமதி இல்லாமல் தூண்டில் நரம்பு தண்ணீரைத் தொடக் கூடாது. ஹோல்டர் கழற்றக் கூடியதாக இருக்க வேண்டும். அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வெறும் துடுப்போடு போகிற நாளும் வேண்டும்.

அடித்தட்டு மட்டும் நிரந்தரம். மேலே உள்ளது வந்துபோகட்டும்.

*

ராடின் வளையங்களுக்குள் இன்னொரு மெல்லிய வளையம். பீங்கான் குடும்பம். அலுமினா. நரம்பு ஓடி ஓடி இரும்பில் தடம் விழும். இதில் விழுவதில்லை. நெசவாலைகளில் நூல் ஓடுகிற இடத்திலும் இப்படித்தான் வைக்கிறார்கள்.

நகத்தால் தட்டுகையில் மிகச் சின்ன ஒலி. ஊர் ஞாபகம் வருகிறது. சூளையிலிருந்து எடுத்த இன்சுலேட்டரை இப்படித்தான் தட்டிக் காது கொடுப்பார்கள். விரிசல் இருந்தால் ஒலி மட்டமாக வரும்.

வலைக்குச் சுட்ட மண்குண்டு கட்டிய காலமும் இருந்தது. நடுவில் ஓட்டை வைத்துச் சுட்டது. ஈயம் வந்தபின் குறைந்துபோனது. மண் குண்டாகித் தண்ணீருக்குள் போயிருக்கிறது. இப்போது வளையமாகி ராடின் மேல் நிற்கிறது.

*

நங்கூரம் ஒன்றரைக் கிலோ. மடங்கும் நான்கு நகங்கள்.

அதைப் பக்கவாட்டில் கட்டக் கூடாது. வற்றம் இழுக்கும்போது கயிறு விறைக்கும். பக்கத்தில் கட்டியிருந்தால் அந்த விளிம்பு கீழே போகும். நீர் மேலே ஏறும். அணியத்திலோ கடைப்பக்கத்திலோ இருந்தால் படகு தானே ஓட்டத்தோடு ஒத்து நிற்கும்.

ஆனால் இருக்கையிலிருந்து அணியம் எட்டாது.

அதற்குத்தான் இரண்டு கப்பிகள். முன்முனையில் ஒன்று, பின்முனையில் ஒன்று, நடுவே சுற்றிவரும் கயிறு, கயிற்றில் ஒரு வளையம். நங்கூரக் கயிற்றை இருக்கையருகே வளையத்தில் கோத்து, கையால் இழுக்க, அது அணியம் வரை போய்விடுகிறது.

எட்டாத இடத்தைக் கைக்குக் கொண்டுவருகிற ஏற்பாடு. இதை யோசித்தவர் யாரோ, அவர்மேல் ஒரு மரியாதை எழுகிறது.

*

இந்தக் கயிறு இடது பக்கமா, வலது பக்கமா.

ராடும் கயிறும் ஒரே பக்கம் இருந்தால் மீன் கயிற்றில் சுற்றிக்கொள்ளும்.

ஆகவே ராடு வலது, கயிறு இடது.

அப்படியானால் ஏறுவதற்கு?

*

கவிழ்ந்தால் திரும்ப ஏற வேண்டும். கயாக்கைப் புரட்டி நேராக்கி, பக்கத்திலிருந்து காலை உதைத்து, வயிறு விளிம்பின் மேல் வழுக்கிக்கொண்டு, குறுக்கே படுத்து, பிறகு புரண்டு உட்கார. லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகள் எதிலும் மாட்டக் கூடாது. வயிற்றில் எந்தப் போல்ட்டும் குத்தக் கூடாது.

ஒரு பக்கம் வழவழப்பாக இருந்தாக வேண்டும். எதுவும் இல்லாமல்.

இதுவரை எல்லாக் குறிகளும் வைப்பதற்கானவை. இது வைக்காமல் விடுவதற்கானது. சாக்பீஸால் அதை எப்படிக் குறிப்பது என்று கை நிற்கிறது. பிறகு இடது விளிம்பில் முழங்கையளவுக்கு ஒரு நீள்கோடு. கோட்டுக்குள் ஓடும் கயிறு தவிர ஒன்றும் இல்லை.

*

தண்ணீருக்குள் இடுப்பு வரை நின்று அதைச் செய்துபார்ப்பது. ஏறுதல். விழுதல். ஏறுதல். உப்பு மூக்கில் ஏறுகிறது. நெஞ்சு அடித்துக்கொள்வது காதில் கேட்கிறது. மெல்ல அடங்குகிறது.

விளிம்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம்.

தண்ணீர் இடுப்பைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. வற்றம் தொடங்கிவிட்டது.

*

விருத்தாசலத்துப் பழமலைநாதர் சுந்தரருக்குப் பன்னீராயிரம் பொன் தந்ததாகக் கதை. அவர் அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தாராம். முதலில் மாற்றுக் குறைந்து, அவர் பாடியபின் சரியானதாம்.

அந்த ஊரில் பிறந்த காதுக்கு இந்தக் கதை தாலாட்டோடு வந்தது. தண்ணீரில் வைப்பதும் ஒரு வைப்பிடம்தான் என்கிற நம்பிக்கை அதில் இருக்கிறது. தண்ணீர் எல்லாம் ஒன்று என்பதும்.

ராடுக்கும் துடுப்புக்கும் கயிறு கட்டுகிறேன். மணிக்கட்டளவு சுருள் கயிறு, இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். துடுப்புக்கு முதலில்.

*

திட்டக்குடிக்கு அருகே வெலிங்டன் ஏரி. தொழுதூரில் வெள்ளாற்றைத் தடுத்து, அங்கிருந்து வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. கட்டி முடித்தது 1923.

ஏரியில் ஒருவர் தெர்மாகோல் தெப்பத்தில் வலை போடுகிறார். மூன்று பலகைகளைச் சாக்குக்குள் திணித்துத் தைத்தது. அதன் மேல் சம்மணம். கைகளே துடுப்பு. இரண்டு ரப்பர் செருப்புகளை உள்ளங்கையில் மாட்டியிருக்கிறார்.

மடியில் ஒரு பெயிண்ட் டப்பா. அதில் பிடித்த மீன், கத்தி, பீடி, தீப்பெட்டி, பாலிதீன் பையில் செல்போன். வலை ஒரு தொடையின் மேல் மடித்து. விடும்போது அந்தத் தொடையிலிருந்தே ஒவ்வொரு மடிப்பாகத் தண்ணீருக்குள் போகிறது. சிக்கவில்லை. அவர் வலையைப் பார்க்கவும் இல்லை. எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜிலேபி மீன் ஒன்று. எடுக்கிறார். டப்பாவுக்குள் விழும் சத்தம் மட்டும் கரை வரை கேட்கிறது.

அவர் உடம்பில் ஹோல்டர் இல்லாத இடம் இல்லை.

*

மறுபடி முற்றம். மாலை.

கயாக்கின் மூடியைத் திறந்து கையை உள்ளே விடுகிறேன். உள்ளே சூடு. வெளியே அடங்கிய பிறகும் அங்கே பகல் இருக்கிறது. விரல்கள் சுவரைத் தடவிப் போகின்றன. ஐந்தாறு மில்லிமீட்டர் தடிமன். வளைவுகளில் இன்னும் மெலிதாக இருக்கலாம்.

போல்ட்டுக்குப் பின்னால் வாஷரும் நட்டும் வைக்க வேண்டும். பாரத்தை அகலமாக்க ஒரு தட்டும். அதற்குக் கை உள்ளே எட்ட வேண்டும். எட்டாத இடத்தில் ரப்பர் நட்டுதான். வெளியிலிருந்தே முறுக்கினால் உள்ளே பருத்துப் பிடித்துக்கொள்ளும். நல்ல பொருள்தான். ஆனால் பெரிய கொடுவா ஒரு முறை இழுத்தால் அதை நம்ப மனம் வரவில்லை.

வலது ஹோல்டர் குறிக்கு நடுவிரல் நுனி எட்டுகிறது. கட்டைவிரல் எட்டவில்லை. நட்டைப் பிடிக்க இரண்டும் வேண்டும்.

இரண்டு விரல் பின்னால் நகர்த்தினால் எட்டும்.

இரண்டு விரல் பின்னால் நகர்த்தினால் துடுப்பு இடிக்குமா?

*

உள்ளே கை இருக்கும்போது வெளியே இன்னொரு கையால் குறியைத் தொடுகிறேன். நடுவில் சுவர். இரண்டு பக்கமும் விரலின் அழுத்தம்.

உள்ளே, வெளியே என்பது கொஞ்ச நேரம் பிரியவில்லை.

*

இரவு. கடிகாரத்தின் சத்தம். எங்கோ ஒரு சூளையின் ஊதுவிசிறி.

மனம் இன்னும் துடுப்பு போட்டுக்கொண்டிருக்கிறது. வலது. இடது. படுத்திருக்கும் உடம்பு லேசாகச் சாய்கிற மாதிரி. தண்ணீரைவிட்டு வந்து இவ்வளவு நேரத்துக்குப் பிறகும்.

ஹோல்டர் இரண்டு வேண்டுமா என்று ஒரு எண்ணம். ஒரு ராடு போதும் என்று அதற்கு அடுத்த எண்ணம். இரண்டாவது ஹோல்டர் வாங்கியாகிவிட்டதே என்று அதற்கு அடுத்தது. மூன்றும் ஒன்றையொன்று பார்க்காமல் போகின்றன.

*

காலை. ஒரு ஹோல்டர் போதும்.

இது முடிவு மாதிரி ஒலிக்கிறது. மதியத்துக்கும் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

*

வலது அடித்தட்டின் நான்கு துளைகளுக்கும் புள்ளி வைத்தாகிறது. முதலில் மூன்று மில்லிமீட்டர். பிறகு ஆறு. நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே. எஸ்.எஸ். போல்ட், உப்புக்கு. துளை வாயில் சிலிக்கான் பூசி, போல்ட்டைச் செருகி, பாதி இறுக்கி, ஒரு நாள் விட்டு, மீதி இறுக்க வேண்டும்.

வரிசை தெளிவாக இருக்கிறது. முதல் புள்ளியின் மேல் பிட்டின் நுனி.

பொத்தானை அழுத்தியதும் மெல்லிய பச்சைச் சுருள் ஒன்று மேலே வருகிறது. சூடாக இருக்கிறது. அறுபடாமல் சுற்றிச் சுற்றி நீள்கிறது.

பிட் உள்ளே விழும்போது கையில் ஒரு தொய்வு.

துளை வழியே ஊதினால் மூடித் துவாரத்தில் காற்று வருகிறது.

*

மற்ற மூன்றும் விரைவாக முடிகின்றன.

*

கப்பிகளுக்கு இன்னும் துளைக்கவில்லை. அணியத்து முனையில் கை உள்ளே எட்டாது. ஏற்கெனவே அங்கே தூக்குவதற்கான கைப்பிடி இருக்கிறது. அதன் போல்ட்டிலேயே கப்பியைக் கயிறு போட்டுத் தொங்கவிடலாம். கட்டுமரக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று படுகிறது.

துடுப்புக் கிளிப்பும் வேண்டாம். மடியில் குறுக்கே கிடக்கட்டும். சுருள் கயிறு இருக்கிறது.

*

பெட்டிக்குத்தான் இடம் நிற்கவில்லை. காலியாக இருக்கும்போது இருக்கைக்குப் பின்னால் எங்கே வைத்தாலும் படகு கவலைப்படுவதில்லை. மூன்று கிலோ ஐஸ் போட்டதும் கடைப்பக்கம் தாழ்கிறது. மீன் கிடைத்தால் இன்னும் தாழும். கிடைக்காவிட்டால் ஐஸ் உருகி, தண்ணீர் பெட்டிக்குள் முன்னும் பின்னும் அலையும். போகும்போதும் வரும்போதும் பாரம் ஒன்றில்லை. பெட்டி மட்டும் ஒரே இடத்தைக் கேட்கிறது.

ஐஸ் இல்லாமல் போகலாமென்றால் இந்த ஊர் வெயிலில் கொடுவா சீக்கிரம் கெட்டுவிடும். பெட்டியை முன்னால் கால்களுக்கு நடுவே வைத்தால் பாரம் சரியாக இருக்கிறது, முழங்கால் மடங்கவில்லை. இருக்கையோடு ஒட்டி வைத்தால் முதுகு சாயவில்லை. இப்போதைக்குப் பின்னாலேயே, இரண்டு ரப்பர் பட்டைகளின் கீழ், நகர்த்தக் கூடியபடி.